நான் வாங்கிக் கொடுத்த களிம்பு

பத்தாவது படித்துக்கொண்டிருந்த என் மகள், ஒரு நாள் குளியலறைக் கண்ணாடி மேல் துண்டைப் போட்டு மூடிவிட்டாள். நெற்றி, கன்னம் எல்லாம் பரு. வகுப்பில் போட்டோ எடுக்கும் நாளன்று வயிற்று வலி என்று படுத்துக்கொண்டாள்.

காரணம் சொல்ல ஆளுக்கா பஞ்சம்? நாங்கள் இருப்பது பென்னாகரம். "எல்லாம் இந்த ஊர்த் தண்ணி பண்ற வேலை" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. எங்கள் மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பது வாஸ்தவம்தான். அதற்காகத்தானே 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது! ஆனால் ஃப்ளோரைடு பல்லில் கறையேற்றும், எலும்பைக் கெடுக்கும், பருவைக் கிளப்பாது. "உடம்புச் சூடு" என்று என் மாமியார் தினமும் தலை வழிய வழிய எண்ணெய் வைத்தார். அது நெற்றியில் இறங்கி, அங்கே பரு இன்னும் ஜாஸ்தியானதுதான் மிச்சம். மகளோ அழுக்குதான் காரணம் என்று நாளைக்கு ஐந்து தடவை சோப்புப் போட்டுத் தேய்த்தாள்.

இவர்களைச் சொல்லி என்ன? நான் செய்ததைக் கேளுங்கள்.

என் தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மருந்துக் கடையில், "பருவுக்கு ஏதாச்சும் குடுங்க" என்றேன். ஒரு சின்ன ட்யூபைக் கொடுத்தார்கள். சீட்டு எதுவும் கேட்கவில்லை. நாலே நாளில் சிவப்பு அடங்கி, முகம் கொஞ்சம் வெளுப்பாகக்கூட ஆயிற்று. "அம்மா, நீ டாக்டருக்குப் படிச்சிருக்கலாம்" என்றாள் மகள். எனக்குத் தலைகால் புரியவில்லை. தெரிந்த இரண்டு வீடுகளுக்கும் அதையே சிபாரிசு செய்தேன்.

மூன்று மாதம் தடவினாள். அப்புறம் ஒரே மாதிரி பொடிப் பொடியாகப் பரு கிளம்பியது. கன்னத்தில் பூனை முடி. வெயிலில் போனால் எரிச்சல். ஒரு நாள் நிறுத்தினால் முகம் நெருப்பாய்ச் சிவக்கும். பயந்துபோய் மறுபடி தடவுவோம்.

கடைசியில் தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். தோல் நோய்ப் பிரிவில் ஒரு பெண் டாக்டர். "முகத்துக்கு வேற என்னம்மா போட்டீங்க?" என்றார். பையிலிருந்து ட்யூபை எடுத்துக் கொடுத்தேன். பொடி எழுத்தைப் படித்துவிட்டு, "இது பருவுக்கு மருந்தே இல்லைம்மா. ஸ்டீராய்டு" என்றார். என் மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை மறக்க முடியவில்லை.

டாக்டர் திட்டவில்லை, பொறுமையாகச் சொன்னார். பருவ வயதில் சுரக்கும் ஆண்ட்ரோஜன் என்கிற ஹார்மோன் பெண்களுக்கும் உண்டு. அதனால் தோலிலுள்ள எண்ணெய்ச் சுரப்பிகள் பெருத்து எண்ணெயைக் கூடுதலாகச் சுரக்கும். உதிர வேண்டிய தோல் செல்கள் அதோடு ஒட்டிக்கொண்டு துவாரத்தை அடைக்கும். உள்ளே கிருமி பெருகி வீங்கினால் அதுதான் பரு. கறுப்புப் புள்ளியாகத் தெரிகிறதே, அது அழுக்கே இல்லையாம்! தேய்க்கத் தேய்க்கத் தோல்தான் புண்ணாகும். பெற்றவர்களுக்கு இருந்தால் பிள்ளைகளுக்கும் வரலாம். (எனக்கும் இருந்தது. மறந்தே போய்விட்டேன்.) மாதவிலக்குக்கு முன்னால் அதிகமாவது சகஜம். ஆனால் மாதவிலக்கும் தள்ளித் தள்ளிப் போய், மோவாயில் முடியும் வளர்ந்தால் சினைப்பையைப் பரிசோதிக்க வேண்டும்.

ஸ்டீராய்டு வீக்கத்தை அமுக்குவதால் முதலில் அற்புதமாகத் தெரியும். போகப் போகத் தோலை மெலிதாக்கி, தானே புதுப் பருவைக் கிளப்பும். பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மோமெட்டசோன் என்று போட்டிருந்தால் ஸ்டீராய்டு என்று தெரிந்துகொள்ளுங்கள். இப்படிப்பட்ட களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே மத்திய அரசு விதியைக் கடுமையாக்கியிருக்கிறது. எனக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் அன்றைய அவசரத்தில் வாங்கியிருப்பேனோ என்னவோ!

ராத்திரியில் பட்டாணியளவு தடவ ஒரு ஜெல் எழுதிக் கொடுத்தார். பலன் தெரிய இரண்டு மாதமாவது ஆகும் என்றார். வாஸ்தவத்தில் முகம் ஆற ஆறு மாதத்துக்கு மேல் ஆயிற்று. இன்னொன்றும் சொன்னார்: பருவுக்குத் தரும் சில மாத்திரைகள் கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கும். பிள்ளை உண்டாகியிருப்பவர்கள், அதற்குத் திட்டமிடுபவர்கள் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஊர் திரும்பியதும் நான் சிபாரிசு செய்த இரண்டு வீடுகளுக்கும் போனேன். ஒருத்தி ட்யூபை இன்னும் பிரிக்கவே இல்லை. இன்னொருத்தி, "நல்லாத்தானக்கா இருக்குது, ஏன் நிறுத்தணும்?" என்றாள். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் மகளே துப்பட்டாவை விலக்கி, கன்னத்தைக் காட்டினாள்.