நிக்கல் முலாம்: சில குறிப்புகள்

1885 ஜூலை 24. கான்சாஸ் மாநிலம், டாட்ஜ் சிட்டி. ஃபோர்ட் கவுண்டியின் முன்னாள் ஷெரீஃப் பேட் மாஸ்டர்சன், கோல்ட் கம்பெனிக்கு ஒரு ரிவால்வர் கேட்டுக் கடிதம் எழுதுகிறார். தன் சொந்த உபயோகத்துக்கானது என்பதால் கொஞ்சம் கூடுதல் கவனம் எடுத்துச் செய்யுங்கள், அதற்கான பணமும் தருகிறேன் என்கிறார். விசை லேசாக இழுபட வேண்டும், முன் குறிமுள் சற்று உயரமாகவும் தடிப்பாகவும் இருக்க வேண்டும், குழல் குட்டையாக இருக்க வேண்டும். இத்தனையோடு நிக்கல் முலாமும் கேட்கிறார்.

அதை வெறும் பகட்டு என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அது கரும்பொடி வெடிமருந்தின் காலம். சுட்ட பிறகு குழலிலும் சிலிண்டரிலும் படிகிற கசடு காற்றின் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். துடைக்காமல் விட்டால் விரைவிலேயே துரு தெரியும். எஃகுக்குக் கொடுக்கும் நீலக் கருப்பு மெருகு மிக மெல்லிய ஆக்சைடு படலம்தான், துருவைத் தடுப்பதில் அதற்கு வலு குறைவு. வியர்க்கும் உடம்போடு ஒட்டி, குதிரை மேல் புழுதியில் திரிந்தவர்களுக்கு நிக்கல் உண்மையான பாதுகாப்பு. பாஸ்டன் நகரின் ஐசக் ஆடம்ஸ் 1869இல் நிக்கல் மின்முலாம் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதற்குப் பின்வந்த ஆண்டுகளில் ஸ்மித் அண்ட் வெஸன், கோல்ட் துப்பாக்கிகள் வெள்ளையாக மின்ன ஆரம்பித்தன.

*

துடைக்கத் துணியை எடுப்பதற்கு முன் தோட்டா இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நூறு வருஷமாகப் பெட்டியில் கிடந்தது, தாத்தா சுட்டே பார்த்ததில்லை என்ற கதையெல்லாம் இங்கே செல்லாது. பழைய கோல்ட் என்றால் பக்கவாட்டுக் கதவைத் திறந்து, சிலிண்டரை ஒவ்வோர் அறையாகச் சுற்றி, ஆறையும் கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டுப் பார்க்க வேண்டும். ஸ்மித் அண்ட் வெஸன் மூன்றாம் மாடல் நடுவே மடிந்து திறக்கும். அதில் பார்ப்பது சுலபம். குழலின் வாய் எப்போதும் ஆள் இல்லாத பக்கம். தோட்டாக்கள் வேறு அறையில்.

கையுறை வேண்டும். பழைய கசடில் ஈயம் இருக்கும். ஜன்னலைத் திறந்துவைத்து, சாப்பாடு தண்ணீர் எதுவும் இல்லாத மேஜையில் வேலை செய்து, முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

*

நிக்கலைப் பற்றி முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, அது எஃகுக்காகத் தன்னைத் தியாகம் செய்யாத உலோகம் என்பது. துத்தநாகம் பூசிய தகரத்தில் கீறல் விழுந்தால் துத்தநாகம் முதலில் அரிபட்டு இரும்பைக் காக்கும். நிக்கலில் நடப்பது நேர் எதிர். நிக்கலும் எஃகும் ஒட்டியிருக்கும் இடத்தில் ஈரம் சேர்ந்தால் எஃகுதான் அரிபடும். ஊசிமுனை அளவு துளை போதும். துரு முலாமுக்கு அடியிலேயே பரவி, ஒருநாள் கொப்புளமாக எழும்பி, செதிலாக உரிந்துவிடும். மேலே பார்க்கச் சுத்தமாக இருக்கும் துப்பாக்கி உள்ளே நோயோடு இருக்கலாம்.

அம்மோனியா வேண்டாம் என்று அனுபவசாலிகள் சொல்வதும் இதையொட்டித்தான். பல துப்பாக்கிகளில் நிக்கலுக்கு அடியில் செம்புப் பூச்சு ஒன்று உண்டு. செம்பைக் கரைப்பதற்கென்றே விற்கப்படும் குழல் சுத்திகரிப்புத் திரவங்களில் அம்மோனியா இருக்கும். அது துளை வழியாக இறங்கிச் செம்பைத் தின்றால் மேலே இருக்கும் நிக்கலுக்குப் பிடிமானம் போய்விடும். நம் வீடுகளில் பித்தளைக் குத்துவிளக்குக்குப் போடும் பிராசோவிலும் அம்மோனியா சேர்ப்பதுண்டு. புளியும் எலுமிச்சையும் விளக்குக்கு நல்லவை. இங்கே அந்தப் புளிப்பு துளைக்குள் இறங்கி எஃகைத் தொடும்.

*

முலாமின் தடிமன் பெரும்பாலும் 25 மைக்ரானுக்குள்தான். தலைமுடியில் பாதிகூட இல்லை. தேய்க்கிற ஒவ்வொரு முறையும் அதிலிருந்து கொஞ்சம் போகிறது. போனது திரும்பாது.

ஆகவே எதைக் கொண்டு தேய்க்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மோஸ் கடினத்தன்மை அளவில் நிக்கல் சுமார் 4. சுண்ணக் கார்பனேட்டான மெல்லிய சாக்குத் தூள் 3. பாலிஷ் பசைகள் பலவற்றில் இருக்கும் அலுமினா 9. சாக்குத் தூள் அழுக்கைப் பெயர்க்கும், நிக்கலைக் கீறாது. அலுமினா அழுக்கோடு நிக்கலையும் எடுத்துக்கொண்டு போகும். பொடி எவ்வளவு நுண்ணியதோ அவ்வளவு மெதுவாக எடுக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். அருங்காட்சியகங்களில் உலோகத்தைப் பேணுகிறவர்கள் சாக்குத் தூளை ஸ்பிரிட்டில் குழைத்துப் பயன்படுத்துவது இதனால்தான்.

*

நான் நம்பும் முறை இது. முதலில் பிடிகளைக் கழற்ற வேண்டும், திருகின் காடிக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளியால். தந்தத்துக்கு ஈரம் ஆகாது, முத்துச்சிப்பிக்கு அமிலம் ஆகாது, கடின ரப்பருக்குக் கரைப்பான் ஆகாது. பிறகு லேசான துப்பாக்கி எண்ணெயை மெல்லிய பருத்தித் துணியில் தொட்டுத் துடைத்து ஒரு நாள் விட வேண்டும். மறுநாள் பார்த்தால் வேலை பாதி முடிந்திருக்கும். பளபளப்பு போய்விட்டது என்று நாம் வருந்துவதில் பெரும்பகுதி காய்ந்த கொழுப்பும் புகையும்தான்.

துருப்புள்ளி இருந்தால் அதன்மேல் எண்ணெய்த் துளி விட்டுப் பல நாள் ஊறவைத்து, மூங்கில் குச்சியின் முனையால் மெதுவாக நெம்ப வேண்டும். எஃகுக் கம்பளி கூடாது, மிக நுண்ணிய ரகமாக இருந்தாலும் கூடாது. அதன் பிறகும் மங்கல் இருந்தால் மட்டும் சாக்குக் குழம்பு. பிடிக்கு அடியில் மறைந்திருக்கும் இடத்தில் முதலில் சோதித்துப் பார்க்கலாம். வெளிச்சமும் கையும் படாத அந்த இடம் பழைய பளபளப்பின் அளவுகோலும்கூட.

கடைசியில் நுண்படிக மெழுகு மிக மெல்லிசாக. ரினைசான்ஸ் என்ற பெயரில் விற்கும் மெழுகு, பிரிட்டிஷ் மியூசியத்தின் ஆய்வகத்தில் அரும்பொருள்களுக்காகவே உருவானது. அது விரல் வியர்வைக்கும் காற்றின் ஈரத்துக்கும் குறுக்கே நிற்கும்.

சிலிண்டரின் முன்முகத்தில் கறுப்பு வளையங்கள் தெரியும். விட்டுவிடுங்கள். சுடும் துப்பாக்கியில் அடுத்த முறையே திரும்ப வரும். சுடாத துப்பாக்கியில் அது வரலாறு.

*

பஃபிங் சக்கரத்தின் மேல் எனக்குக் கோபமே உண்டு. குழல் மீதுள்ள கம்பெனி முகவரி, காப்புரிமைத் தேதிகள், சட்டகத்தில் கோல்ட் சின்னமான பாயும் குதிரைக்குட்டி எல்லாவற்றின் விளிம்பையும் அது ஒரே நிமிஷத்தில் மழுக்கிவிடும். திருகுத் துளைகள் கிண்ணம்போலக் குழியும். அதன்மேல் புது முலாம் ஏற்றினால் கண்ணைப் பறிக்கும், மதிப்போ பாதாளத்துக்குப் போகும்.

பழைய ஸ்மித் அண்ட் வெஸன் நிக்கல் துப்பாக்கிகளில் சுத்தியலுக்கும் விசைக்கும் தொழிற்சாலை நிக்கல் பூசவில்லை; சூட்டில் கடினமாக்கியபோது வந்த நீலமும் பழுப்புமான வண்ணத் திட்டுகளோடு விட்டது. அவையும் வெள்ளையாக மின்னினால் பின்னால் யாரோ மறுமுலாம் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அசல் வண்ணம் இருக்கும் துப்பாக்கியில் பாலிஷ் துணி அந்த இரண்டையும் தொடவே கூடாது.

*

இன்னொரு குழப்பம். 1965இல் ஸ்மித் அண்ட் வெஸன் மாடல் 60 துருப்பிடிக்காத எஃகில் வந்தது. அதன் மேல் பூச்சு இல்லை, உள்ளும் புறமும் ஒரே உலோகம், நன்றாகவே தேய்க்கலாம். அந்தப் பழக்கத்தில் நிக்கலையும் தேய்ப்பவர்கள் உண்டு. அடையாளம் நிறத்தில் இருக்கிறது. நிக்கலில் இளமஞ்சள் சாயல், குரோமில் நீலச் சாயல், துருப்பிடிக்காத எஃகில் சாம்பல் சாயல்.

தோலுறையில் வைத்துப் பூட்டுவதும் வேண்டாம். பதனிட்ட தோலின் அமிலமும் அது பிடித்துவைக்கும் ஈரமும் முலாமுக்குப் பகை. மெழுகிட்ட துப்பாக்கியைச் சுத்தமான பருத்தித் துணியில் சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு, பூட்டிய பெட்டியில் வைக்கலாம்.

முலாம் ஏற்கெனவே உரிய ஆரம்பித்துவிட்டதா? அதற்கு எந்தப் பாலிஷும் மருந்து கிடையாது. எண்ணெய் தடவித் துடைத்து, மெழுகு பூசி, அப்படியே இருக்க விடுங்கள்.