வாலில்லாத எலியும் ரிச்சி தெருவும்

"டேய், உனக்குத் தெரிஞ்ச நரம்பு டாக்டர் யாராவது இருக்காங்களா?"

அப்பா இப்படிக் கேட்டது ஒரு வியாழக்கிழமை ராத்திரி, ரசம் சாதத்துக்கும் மோர் சாதத்துக்கும் நடுவில். அப்பளத்தை உடைக்கப் போன என் கை அப்படியே நின்றது.

"ஏம்ப்பா?"

"கை நடுங்குதுடா. மவுஸைப் பிடிச்சா அம்புக்குறி அங்கயும் இங்கயும் குதிக்குது. இழுத்துக்கிட்டே இருந்தா நகராது. விட்டா தடால்னு ஓடிப் போய் மூலையில நிக்குது."

அப்பாவின் கையைப் பற்றி உங்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அரசு அலுவலகத்தில் 34 வருஷம் தட்டச்சர். இங்கிலீஷ் ஹையர், தமிழ் ஹையர் இரண்டும் பாஸ். ஒரு பக்கம் அடித்தால் ஒரு எழுத்து பிசகாது என்று ஆபீசே சொல்லும். ரிட்டயர்டு ஆன பிறகு எங்கள் அபார்ட்மென்ட் அசோசியேஷன் கணக்கு முழுக்க அவர் பொறுப்பு. தினம் காலை பத்து மணிக்குக் குளித்து, விபூதி இட்டு, ஏதோ ஆபீசுக்குப் போகிற மாதிரி ஹாலில் இருக்கும் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்துவிடுவார்.

அப்பேர்ப்பட்டவர், லிஃப்ட் மராமத்துக் கணக்கைக் கிளிக் செய்யப் போய் தண்ணீர் லாரிக் கணக்கை அழித்துவிட்டார். "வேற யாராவது பார்த்துக்கட்டும், எனக்கு முடியலை" என்று செகரட்டரியிடம் சொல்லியும் விட்டாராம். என்னிடம் சொல்லவில்லை. அம்மா சொல்லித்தான் தெரிந்தது.

என் பங்குக்கு நான் செய்தது என்ன தெரியுமா? ஒரு மாதமாக, "பதறாதீங்கப்பா, மெதுவா நகர்த்துங்க" என்று உபதேசம்! ஏனென்றால் சாயங்காலம் ஆபீசிலிருந்து வந்து நான் தொட்டால் அதே மவுஸ் சொன்ன பேச்சைக் கேட்கிறது. காலையில் அப்பா தொட்டால் குதிக்கிறது. வேறு என்னதான் நினைப்பது?

நரம்பு டாக்டருக்கு செவ்வாய்க்கிழமை நேரம் வாங்கினேன். அதற்கு முன்னால் எலிக்கும் ஒரு டாக்டரைப் பார்த்துவிடலாமே என்று தோன்றியது.

வெள்ளிக்கிழமை வீட்டு வைத்தியம். முதலில் புது பேட்டரி போட்டேன். பிறகு வயிற்றைத் திருப்பி, சிவப்பு விளக்கு எரியும் ஓட்டையில் இருந்த தூசியை ஊதினேன். அந்த ஓட்டைக்குள் ஒரு குட்டிக் கேமரா இருக்கிறது. மேஜைப் பரப்பை நொடிக்கு ஆயிரம் தடவைக்கு மேல் படம் பிடித்து, முந்தைய படத்துக்கும் இந்தப் படத்துக்கும் என்ன வித்தியாசம் என்று பார்த்துத்தான் எந்தப் பக்கம் நகர்ந்தோம் என்று கண்டுபிடிக்கிறது. கண்ணாடி மேஜையாக இருந்தால் படம் பிடிக்க ஒன்றும் இருக்காது, தடுமாறும். எங்களுடையது மர மேஜைதான். இருந்தாலும் இருக்கட்டும் என்று பழைய தினசரி காலண்டரின் அட்டையைப் போட்டேன். சனிக்கிழமை காலை அப்பா உட்கார்ந்தார். முருகன் படத்து அட்டையின் மேலேயும் எலி குதித்தது.

மவுஸையும், அதன் சுண்டுவிரல் நகம் அளவு ரிசீவரையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன், ரிச்சி தெருவுக்கு.

அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி, அண்ணா சாலையில் கொஞ்சம் நடந்து சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் திரும்பினால் போதும். வழி கேட்க வேண்டியதில்லை. "சார் என்ன வேணும்? லேப்டாப்பா, சிசிடிவியா, பிரின்டரா?" என்று தெருவே உங்களை விசாரிக்க ஆரம்பித்துவிடும். தெருவின் அகலத்தில் பாதியை டூ வீலர்கள் எடுத்துக்கொள்ளும். மீதிப் பாதியில் தலையில் மானிட்டர் அட்டைப்பெட்டியோடு ஒருவர் "வழி, வழி" என்று வருவார். அவருக்கு வழி விட்டு ஒதுங்கினால் ஒரு மீன்பாடி வண்டி மேல் இடிப்பீர்கள்.

நடைபாதையில் டி.வி. ரிமோட்டுகள் கத்திரிக்காய் மாதிரி குவிந்து கிடக்கின்றன. கயிற்றுக் கடை போல ஒயரைக் கையால் அளந்து கொடுக்கிறார்கள். மாடிப்படிக்குக் கீழே ஒரு ஆள் படுக்கிற அளவு இடத்தில் ஒரு பையன் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு மதர்போர்டில் பற்றவைத்துக்கொண்டிருக்கிறான். ஈயப் புகையும் பக்கத்துக் கடை சமோசா வாசனையும் கலந்து ஒரு மணம் வருமே, கண்ணைக் கட்டிவிட்டாலும் இது ரிச்சி தெரு என்று சொல்லிவிடலாம்.

தொண்ணூறுகளில் கம்ப்யூட்டரைத் துண்டு துண்டாக வாங்கி ஒன்று சேர்க்க சென்னைவாசிகள் படையெடுத்த தெரு இது. இன்று ஆன்லைனில் ஒரு தட்டு தட்டினால் பொருள் வாசலுக்கு வந்துவிடுகிறது. ஆனால் "ஏன் குதிக்குது?" என்று கேட்டால் பதில் சொல்ல ஒரு ஆள் வேண்டுமே, அதற்கு இங்கேதான் வர வேண்டியிருக்கிறது.

முதல் கடையில் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் புது மவுஸை எடுத்து நீட்டினார்கள். இரண்டாவது கடையில் புது மவுஸோடு கீபோர்டும் நீட்டினார்கள். மூன்றாவது, சந்துக்குள் இருந்த சின்ன சர்வீஸ் கடை. மூக்குக்கண்ணாடி நுனி மூக்கில் நிற்க ஒரு பெரியவர்.

"குடுங்க தம்பி." ரிசீவரைத் தன் கம்ப்யூட்டரில் சொருகினார். மவுஸை நகர்த்தினார். அம்புக்குறி வட்டம் போட்டது, கோடு போட்டது, கோலமே போட்டது. பத்து நிமிஷம். ஒரு குதிப்பு இல்லை.

"எலி நல்லாத்தானே இருக்கு?"

எனக்கு வயிற்றைக் கலக்கியது. எலி நன்றாக இருக்கிறது என்றால்... அப்போது கைதானா? "வீட்ல அப்பா யூஸ் பண்றாரு சார். அவருக்கு..." என்று இழுத்தேன். வாய் வரவில்லை.

அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "எப்பக் குதிக்குது?"

"காலையில."

"சாயங்காலம்?"

"நல்லா இருக்கு."

"அப்பக் காலையில அந்த மெஷின்ல வேற என்ன நடக்குது?"

ஒன்றுமில்லை என்று சொல்ல வாயெடுத்தவன் அப்படியே மூடிக்கொண்டேன். நடக்கிறது! பொங்கல் லீவில் ஒரு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் வாங்கி மாட்டினேன். குடும்பப் போட்டோ, கல்யாண வீடியோ எல்லாம் தினம் காலை பத்து மணிக்குத் தானாகவே அதில் நகலாகும்படி ஏற்பாடு செய்ததும் நானேதான். நான் ஆபீஸ் போன பிறகு, யாருக்கும் தொந்தரவில்லாமல்!

"டிஸ்க் எங்க சொருகியிருக்கு?"

"கேபினெட்டுக்குப் பின்னாடி."

"உள்ள நாக்கு நீலக் கலரா?"

"ஆமா."

"எலியோட ரிசீவர்?"

"அதுக்குப் பக்கத்துலயே..."

பெரியவர் சிரித்தார். அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். இந்த மாதிரி மவுஸ் பேசுவது 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையில். பல வீட்டு வைஃபையும், புளூடூத்தும் அதே வீதிதான். நீல நாக்கு என்பது பெரும்பாலும் யுஎஸ்பி 3.0. நொடிக்கு 5 கிகாபிட் வேகம். அந்த வேகத்தில் டேட்டா ஓடும்போது துறையும் ஒயரும் சும்மா இருக்காது. இரைச்சலை வெளியே விடும். அந்த இரைச்சல் சரியாக 2.4 பக்கம்தான் விழுகிறது. 2012லேயே இன்டெல் நிறுவனம் இதை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டிருக்கிறது. கல்யாண மேளத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு ரகசியம் பேசுகிற மாதிரி. மவுஸ் சொல்வதில் பாதிதான் ரிசீவரின் காதில் விழும். போதாக்குறைக்கு நடுவில் இரும்புக் கேபினெட் வேறு!

"புது எலி வாங்கினாலும் இதேதான் தம்பி. இது போதும்" என்று ஒரு மீட்டர் யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் ஒயரை எடுத்துப் போட்டார். நூற்றிருபது ரூபாய். "கறுப்பு நாக்குல சொருகி, ரிசீவரை மேஜை மேல எலிக்குப் பக்கத்துல வைங்க." பார்த்ததற்குக் காசு கேட்டதற்குத் தலையை ஆட்டிவிட்டார்.

திரும்பும்போது மெட்ரோவில் எங்கெல்பார்ட்டை நினைத்துக்கொண்டேன். அமெரிக்காவில் டக்ளஸ் எங்கெல்பார்ட் குழுவினர் 1964ல் செய்த முதல் மவுஸ் ஒரு மரப்பெட்டி. அடியில் இரண்டு சக்கரம், பின்னால் வால் மாதிரி ஒரு ஒயர். வால் இருந்ததால்தான் எலி என்று பெயர் வந்தது என்பார்கள். வசதி என்று நாம் அந்த வாலை வெட்டினோம். வம்பு அங்கே ஆரம்பம்.

வீட்டுக்கு வந்ததும் ரிசீவரைப் பழைய இடத்திலேயே சொருகி, நகல் எடுக்கும் வேலையை ஓட விட்டு, அப்பாவைக் கூப்பிட்டேன். "நீங்க தொடாதீங்க. சும்மா பாருங்க."

மவுஸைப் பிடித்தது என் கை. இருபத்தேழு வயசுக் கை. அம்புக்குறி தவளை மாதிரி தத்தியது.

அப்பா திரையைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். பிறகு மடியில் இருந்த தன் கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"உனக்குமா?"

"எனக்கும்தான்."

ஒயரை மாட்டி, ரிசீவரை மேஜை மேல் கொண்டுவந்தேன். "இப்ப நீங்க பிடிங்கப்பா." தயங்கித் தயங்கித் தொட்டார். அம்புக்குறி தண்ணீர் லாரிக் கணக்கு வரைக்கும் நேர்கோடாகப் போய், சொன்ன கட்டத்தில் நின்றது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அழிந்துபோன கணக்கை மறுபடி அடிக்க ஆரம்பித்தார். பத்து விரலும் கீபோர்டில் ஓடின.

உங்கள் வீட்டிலும் எலி மக்கர் செய்தால் பேட்டரி, தூசி, மேஜை என்று வரிசையாகப் பாருங்கள். ரிசீவருக்குப் பக்கத்து வீட்டுக்காரர் யார் என்று கட்டாயம் பாருங்கள். வேறு கம்ப்யூட்டரில் மாட்டிப் பாருங்கள். ஒயர் வைத்த மவுஸை இரவல் வாங்கியும் பாருங்கள். பெரியவர்களின் கையைச் சந்தேகப்படுவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

ராத்திரி சாப்பாட்டில் அப்பா கேட்டார். "டாக்டர் ஃபீஸ் எவ்வளவு?"

"எண்ணூறுப்பா."

"ஒயரு?"

"நூத்திருபது."

"அறுநூத்தி எண்பது லாபம்" என்று மோரை ஊற்றிக்கொண்டார். "அது சரி, ஒயர் இல்லாத மவுஸ்னு சொல்லித்தானே காசு கூடக் குடுத்து வாங்கினே? இப்ப ஒரு மீட்டர் ஒயர் தொங்குதேடா!"