தகரப் பெட்டியும் மேகப் பெட்டியும்

"டீச்சர், எல்லாத்தையும் மேகத்துல போட்டு வைங்கன்னு சொல்றீங்களே, மழை பேஞ்சா கரைஞ்சு போயிடாதா?"

பண்டார் தெங்காராவில் ஒரு சனிக்கிழமை காலை, சாமான் வாங்க வந்த ஓர் அம்மாள் என்னைக் கேட்ட கேள்வி இது. பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதே கேள்வியை நான் சரியான வேளையில் கேட்டிருந்தால், என் தாயாரின் குரலைப் பறிகொடுத்திருக்க மாட்டேன்.

தோட்டத்து வீட்டில் பிறந்தவர்களுக்குத் தகரப் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் அது சாமி மேடைக்குக் கீழே இருந்தது. பிறப்புப் பத்திரங்கள், அப்பாவின் சேமநிதிக் கடிதங்கள், சங்கக் கார்டு, தாத்தா கோட்டு போட்டு நின்ற ஒரே ஒரு படம், எல்லாம் அதற்குள் அடக்கம். சாவி அம்மாவின் இடுப்பில். அந்தக் காகிதங்களுக்கு அவ்வளவு மரியாதை ஏன் என்று சிறு வயதில் விளங்கவில்லை. பிறப்புப் பத்திரம் சரியாக இல்லாத காரணத்தால் காலமெல்லாம் சிவப்பு அடையாளக் கார்டோடு வாழ்ந்து மறைந்தவர்களைப் பார்த்த பிறகுதான் விளங்கியது.

ஆனால் தகரப் பெட்டிக்கும் பகைவர்கள் உண்டு. கரையான் ஒன்று, வெள்ளம் ஒன்று. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூரில் அடுத்தடுத்து வெள்ளம் வந்ததே, கோத்தா திங்கி நகரமே மூழ்கியதே, அப்போது எத்தனை குடும்பங்கள் நனைந்த பத்திரங்களை வெயிலில் காயப் போட்டு, அழிந்த எழுத்தை உற்று உற்றுப் பார்த்திருக்கும்! ஒரே ஒரு பிரதி, அதுவும் ஒரே ஓர் இடத்தில். ஆபத்து அங்கேதான். யாழ்ப்பாணத்துப் பொது நூலகம் 1981இல் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலாயின. அச்சான நூலுக்கு வேறெங்காவது ஒரு படி கிடைக்கலாம். வேறு படி இல்லாத ஓலைச் சுவடிக்கு யார் என்ன செய்ய முடியும்? ஈழத்துத் தமிழர்கள் 2005இல் 'நூலகம்' என்ற பெயரில் இணையத்திலேயே ஒரு நூலகம் தொடங்கி, பழைய நூல்களையும் இதழ்களையும் ஒவ்வொன்றாகப் படமெடுத்து ஏற்றி வருகிறார்கள். இலங்கை மலையகத் தோட்டத்து மக்களின் ஆவணங்களும் அதில் சேர்கின்றன. சுட்ட கை அடுப்பை மறப்பதில்லை.

என் கதைக்கு வருகிறேன். அம்மாவுக்கு எழுத்து வராது. புலனத்தில் குரல் பதிவாகத்தான் அனுப்புவார். "சாப்ட்டியா? பிள்ளைங்க சாப்ட்டாங்களா? மழையில வண்டி ஓட்டாத." தினம் ஒரே செய்திதான். பாதிக்கு நான் பதில்கூடப் போட்டதில்லை. அவர் மறைந்த பிறகு அந்தப் பதிவுகளே எனக்குச் சொத்து. ஆனால் அந்தச் சொத்து முழுவதும் கையிலிருந்த தொலைபேசியில் மட்டுமே இருந்தது. "இடம் நிறைந்துவிட்டது" என்று அது அடிக்கடி நச்சரித்ததால், இணையத்திலிருந்த நகலை நானே அழித்து, நகலெடுப்பதையும் நிறுத்தி வைத்திருந்தேன். இடத்தை அடைத்துக்கொண்டது என்ன தெரியுமா? பூங்கொத்து போட்ட காலை வணக்கப் படங்கள்! போன ஆண்டு ஒரு மழை நாளில் தொலைபேசி கால்வாயில் விழுந்தது. பழுது பார்க்கும் கடைப் பையன் இரண்டு நாள் வைத்திருந்து, தலையை ஆட்டித் திருப்பிக் கொடுத்தான்.

அதன்பிறகுதான் இந்த மேகம் என்பது என்ன என்று உட்கார்ந்து படித்தேன். அது வானத்தில் இல்லை. எங்கோ ஒரு கட்டடத்தில், இரவு பகலாகக் குளிரூட்டி ஓட வைத்திருக்கும் கணினிகள்தாம் மேகம். வெகு தொலைவுக்குப் போக வேண்டாம். நம் கூலாய் மாவட்டத்துச் செடனாக்கில், செம்பனை நின்ற மண்ணிலேயே இன்று அப்படிப்பட்ட தரவு மையங்கள் எழும்பி நிற்கின்றன. குலை வெட்டிய இடத்தில் இன்று ஊர் உலகத்தின் படங்கள் குடியிருக்கின்றன!

அந்த அம்மாளின் கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். மழைக்குக் கரையாது, ஆனால் எரியும். 2021 மார்ச் 10ஆம் நாள் பிரான்சின் ஸ்திராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் என்ற நிறுவனத்தின் தரவு மையக் கட்டடம் ஒன்று தீக்கிரையானது. வேறிடத்தில் நகல் வைக்காத வாடிக்கையாளர்களுக்குப் போனது போனதுதான். 2025 செப்டம்பரில் தென் கொரியாவின் தேஜோன் நகரில் அரசாங்கத் தரவு மையம் எரிந்து, அரசு ஊழியர்களின் கோப்புகள் 858 டெராபைட் அழிந்தன. அளவு பெரிது என்று வெளியே நகலெடுக்காமல் விட்டிருந்தார்களாம். ஓர் அரசாங்கமே செய்த தவறு என்று கேட்டபோது என் மனம் கொஞ்சம் ஆறியது. உண்மையைச் சொல்வதில் என்ன வெட்கம்! மாறாக, 2024 மே மாதம் ஆஸ்திரேலியாவில் 6 லட்சம் பேருக்கு மேல் பணம் போட்டிருந்த யூனிசூப்பர் ஓய்வூதிய நிதியின் கணக்கு, கூகுளின் மேகத்தில் தவறுதலாக அழிந்தபோது, அவர்கள் மீண்டு வந்தார்கள். வேறொரு நிறுவனத்திடமும் ஒரு நகல் வைத்திருந்தார்கள்.

எந்தப் பெட்டியை நம்புவது என்று கேட்பீர்கள். கூகுள் 15 ஜிகாபைட் இலவசமாகத் தருகிறது. மைக்ரோசாஃப்டும் ஆப்பிளும் ஐந்தைந்து தருகின்றன. பத்திரங்களை மட்டும் படமெடுத்து வைக்க இதுவே தாராளம். பெயர் தெரியாத செயலி ஒன்று ஆயிரம் ஜிகாபைட் சும்மா தருகிறேன் என்று வந்தால், எனக்குக் கூட்டுச் சீட்டுப் பிடித்துவிட்டு ஓடியவர்களின் ஞாபகம்தான் வருகிறது.

பெட்டியைவிடச் சாவிதான் முக்கியம். நம்மில் பலருக்கு மின்னஞ்சல் கணக்குத் திறந்து கொடுத்தவர் தொலைபேசிக் கடைக்காரர். கடவுச்சொல் அவருக்குத்தான் தெரியும், நமக்குத் தெரியாது! அம்மா சாவியை இடுப்பில் செருகியிருந்தாரே, கடைக்காரரிடமா கொடுத்து வைத்தார்? கடவுச்சொல்லை நீங்களே மாற்றுங்கள். பிள்ளையின் பிறந்த நாளை வைக்காதீர்கள். இரட்டைச் சரிபார்ப்பு என்று ஒன்று உண்டு, அதையும் போடுங்கள். அதில் ஒரு சிக்கல்: முன்கட்டணத் தொலைபேசி எண்ணுக்குப் பணம் போடாமல் எண் செத்துப்போனால், சரிபார்ப்புக் குறியீடு உங்களுக்கு வந்து சேராது. புது எண் வாங்கிய அன்றே கணக்கிலும் அதை மாற்றிவிட வேண்டும். இரண்டு ஆண்டு எட்டிப் பார்க்காத கணக்குகளை 2023 டிசம்பரிலிருந்து கூகுள் அழிக்கத் தொடங்கியிருக்கிறது என்பதும் நினைவிருக்கட்டும்.

இன்னொன்று பலரை ஏமாற்றுகிறது. தொலைபேசியும் மேகமும் ஒன்றுக்கொன்று இணைந்தே ஓடும்போது, இங்கே அழித்தால் பெரும்பாலும் அங்கேயும் அழியும். அது நகல் அன்று, நிழல். ஆகவே அருமையானவற்றை ஒரு பென்டிரைவிலும் போட்டு வேறு வீட்டில் கொடுத்து வையுங்கள். அடையாளக் கார்டின் படத்தைக் குடும்பப் புலனக் குழுவில் போட்டு வைப்பது மட்டும் வேண்டாம். அது எத்தனை தொலைபேசிக்குப் போகிறதென்று யாருக்குத் தெரியும்?

படமெடுத்த பத்திரம் அசல் ஆகிவிடாது. அசலைக் கவனமாக வைத்திருக்கத்தான் வேண்டும். ஆனால் அசல் தொலைந்து மறுபடி கேட்டுப் போகும்போது, பத்திர எண்ணும் பெயரின் சரியான எழுத்தும் கையில் இருப்பது எவ்வளவு பெரிய உதவி! அப்பாவின் பெயர் ஒரு தாளில் ஒரு மாதிரி, இன்னொரு தாளில் வேறு மாதிரி இருக்கும் நம் மக்களுக்கு இது நன்றாகப் புரியும்.

அந்த அம்மாளிடம் இவ்வளவும் சொல்லவில்லை. பையை இறக்கி வைக்கச் சொல்லி, அவர் மகளின் பிறப்புப் பத்திரத்தை மட்டும் அங்கேயே படமெடுத்து ஏற்றிக் காட்டினேன். கடவுச்சொல்லை அவரே தட்டட்டும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். தட்டி முடிக்கப் பத்து நிமிடம் ஆயிற்று. மீன் வாங்கப் போகணும் என்று முணுமுணுத்துக்கொண்டே தட்டினார்.

அம்மாவின் பதிவுகளில் ஒன்று தங்கையிடம் இருந்தது. என்றோ ஒரு நாள், "பார், இன்னும் என்னைச் சின்னப் பிள்ளை மாதிரி நினைக்கிறாங்க" என்று நானே அவளுக்கு அனுப்பியது. பதினொரு விநாடி. இப்போது அது என் கணக்கில் ஒன்று, தங்கை கணக்கில் ஒன்று, அலமாரியில் அந்தப் பழைய தகரப் பெட்டிக்குள் பென்டிரைவில் ஒன்று. மழை பெய்யும் நாளில் வண்டியை எடுக்குமுன் அதைக் கேட்கிறேன்.