கீழாநெல்லியும் என் தமக்கையும்

வைகறைத் தொழுகை முடித்துப் பள்ளிவாசலிலிருந்து வீடு திரும்பும் வேளையில் எங்கள் திண்ணையில் எவரேனும் ஒருவர் அமர்ந்திருப்பது மூன்று தலைமுறையாக உள்ள காட்சி. வருபவர்கள் மஞ்சள் காமாலை கண்டவர்கள். தேசூரைச் சுற்றிலுமுள்ள குடியானவர்களும், ஆரணிப் பட்டு நெய்கின்ற தறிக்காரர்களும், சில வேளைகளில் வந்தவாசியிலிருந்து முதல் பேருந்தில் வந்திறங்கும் வணிகர்களும் அங்கே காத்திருப்பார்கள். சாதி சமய வேறுபாடு அந்தத் திண்ணையில் என்றுமே இருந்ததில்லை. என் பாட்டனார் தொடங்கி வைத்த மருந்து அது. கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி, மண் போகக் கழுவி, அம்மியில் விழுதாய் அரைத்து, எலுமிச்சங்காய் அளவு எடுத்து மோரில் கலக்கி, வெறும் வயிற்றில் மூன்று நாள் அருந்தக் கொடுப்பது. காசு வாங்குவதில்லை. முஸ்லிம்களிடம் "பிஸ்மி சொல்லிக் குடியுங்கள்" என்பார் என் தகப்பனார். மற்றவர்களிடம் "ஆண்டவனை நினைத்துக் குடியுங்கள்" என்பார். ஏறத்தாழ எல்லாருமே குணமடைந்தார்கள். குணமடைந்தவர்கள் கொண்டு வந்து வைக்கும் வாழைத்தாரும் பரங்கிக்காயும் எங்கள் வீட்டுக் கூடத்தில் எந்நாளும் கிடக்கும்.

அக்குணத்துக்கு உயிர்ச்சான்றாக விளங்கியவன் நானே. 1987ஆம் ஆண்டு வேலூரில் அரபிக் கல்லூரியில் ஓதிக்கொண்டிருந்தபோது எனக்குக் காமாலை கண்டது. கண்கள் மஞ்சளித்து, உணவைக் கண்டாலே குமட்டி, நடக்கவும் இயலாமல் ஊருக்கு வந்து சேர்ந்தேன். தகப்பனார் தம் கையாலேயே அரைத்துக் கொடுத்தார். ஒரு மாதத்தில் பழைய உடலைப் பெற்றுக் கல்லூரிக்குத் திரும்பினேன். அடுத்த ஆண்டே, 1988 அக்டோபரில், நாடெங்கும் பேசப்பட்ட ஒரு செய்தி வந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் நுண்ணுயிரியல் அறிஞர் டாக்டர் எஸ். பி. தியாகராஜனும் அவருடைய துணைவர்களும் நம் கீழாநெல்லியை ஆராய்ந்து, இலண்டனிலிருந்து வெளிவரும் 'லான்செட்' என்னும் மருத்துவ ஏட்டில் கட்டுரை வெளியிட்டிருந்தார்கள். அவர்களோடு சேர்ந்து உழைத்தவர் அமெரிக்க அறிஞர் பரூக் புளூம்பெர்க். ஹெப்பாட்டிட்டிஸ் பி என்னும் கல்லீரல் அழற்சிக் கிருமியின் அடையாளத்தை உலகுக்கு முதன்முதல் காட்டி, 1976இல் நோபல் பரிசு பெற்றவர் அவர். "பாட்டனார் அம்மியில் கண்டதை இவர்கள் கண்ணாடிக் குழாயில் கண்டிருக்கிறார்கள்" என்று தகப்பனார் சிரித்தது இன்னும் காதில் நிற்கிறது.

அக்கட்டுரை உண்மையில் என்ன கூறியது என்பதை நான் படித்துணர்ந்தது கால் நூற்றாண்டு கடந்த பின்னர். அதுவும் ஒரு துயரத்தின் வழியாகவே நேர்ந்தது. அதனை முதலில் சொல்லிவிடுகின்றேன்.

என் தமக்கைக்கு 2009இல் காமாலை வந்தது. என்னிடம் வந்தார். அரைத்துக் கொடுத்தேன், இறங்கியது. 2012இல் மீண்டும் வந்தது. மீண்டும் கொடுத்தேன், அதுவும் இறங்கியது. "தம்பி கை பட்டால் போதும்" என்று அண்டை அயலாரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டார். அவருடைய மகன், என் மருமகன், 2014இல் வளைகுடா நாட்டு வேலைக்காகச் சென்னையில் மருத்துவப் பரிசோதனைக்குச் சென்றான். தறியை விட்டுவிட்டு ஓட்டுநர் உரிமம் எடுத்து, நகையை அடகு வைத்துப் பணம் கட்டியிருந்த பையன். தகுதியற்றவன் என்று முத்திரை குத்தித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். காரணம், இரத்தத்தில் ஹெப்பாட்டிட்டிஸ் பி. நோயின் சாயலே இல்லாத, நெல் மூட்டை தூக்குகின்ற உடம்பு அவனுக்கு. "மாமு, எனக்குக் கீழாநெல்லி கொடுங்கள், அடுத்த மாதம் மறுபடி போய்க் காட்டுகிறேன்" என்றான். நாற்பது நாள் கொடுத்தேன். மறுபடியும் அதே முத்திரை.

வேலூரில் ஒரு மருத்துவரிடம் அவனை அழைத்துச் சென்றேன். பெரியவர், பொறுமைசாலி. வீட்டிலுள்ள அனைவரும் இரத்தம் கொடுக்க வேண்டும் என்றார். கொடுத்தோம். தமக்கைக்கும் இருந்தது, அவருடைய மகளுக்கும் இருந்தது. தமக்கையின் ஈரல் அதற்குள் இறுகிச் சுருங்கியிருந்தது. ஸ்கேன் படத்தில் ஒரு கட்டியும் தெரிந்தது. வயிற்றில் நீர் கோத்து, நம் பெரியோர் மகோதரம் என்று சொல்வார்களே, அந்நிலையில் மூன்று ஆண்டு துன்புற்று, 2017இல் இறைவனடி சேர்ந்தார். இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிவூன்.

என் இரத்தத்தில் கிருமி இல்லை. ஆனால் கிருமி வந்து போன சுவடு இருந்தது. "உங்களுக்கும் இதே நோய் எப்போதோ வந்து தானாகவே நீங்கியிருக்கிறது. வாலிப வயதில் காமாலை வந்ததுண்டா?" என்று மருத்துவர் கேட்டார். வேலூர் விடுதியை நினைத்தேன். பதில் சொல்ல நா எழவில்லை.

அவர் விளக்கியதை நேயர்களுக்காக எளிய சொற்களில் தருகின்றேன். காமாலை என்பது ஒரு நோயன்று, ஓர் அடையாளம். நம் அரபு மருத்துவ நூல்களில் ஈரலைக் கபித் என்றும் காமாலையை யரகான் என்றும் கூறுவர். யரகான் பல காரணங்களால் வரும். தூய்மையற்ற நீராலும் உணவாலும் பரவுகின்ற ஏ, இ என்னும் கிருமிகளால் வருவது பெரும்பாலும் சில வாரங்களில் தானே தணியும். இரத்தத்தாலும், தாயிடமிருந்து பிறக்கும் சிசுவுக்கும், கணவன் மனைவி உறவாலும் பரவுவது பி கிருமி. வளர்ந்தவர்களுக்கு அது தொற்றினால் நூற்றில் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் உடலே அதனை விரட்டிவிடும். பிறக்கும்போது தொற்றினாலோ, நூற்றில் தொண்ணூறு குழந்தைகளில் அது நிலையாகத் தங்கிவிடும். தங்கிய கிருமி ஆண்டுக்கணக்கில் ஓசையின்றி இருந்து, இடையிடையே கிளர்ந்து அடங்கி, ஈரலைச் சுருக்கி, சிலருக்குப் புற்றுநோயில் கொண்டுபோய் விடும்.

அப்படியானால் எங்கள் திண்ணையில் மூன்று தலைமுறையாக நடந்தது என்ன? வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் மருந்தின்றியும் குணமடைந்திருப்பார்கள். இறைவன் அவர்கள் உடலில் வைத்த ஆற்றல் செய்ததற்கு எங்கள் அம்மி பெயர் வாங்கிக்கொண்டது. தமக்கையின் காமாலை இரு முறை இறங்கியதும் கிளர்ந்த கிருமி அடங்கியதால்தான். நாங்கள் அதனைக் குணம் என்று எண்ணி வாழைத்தார் வாங்கினோம். 2009இலேயே இரத்தம் பார்த்திருந்தால், கிருமியை அடக்கி வைக்கும் மாத்திரை அப்போதே நம் நாட்டில் இருந்தது. அந்த ஐந்தாண்டுகளை நான் எவ்வாறு கணக்கிடுவேன்!

அதன்பின்தான் அந்த 1988ஆம் ஆண்டுக் கட்டுரையைத் தேடிப் படித்தேன். ஆங்கிலம் எனக்குச் சரளமன்று. பள்ளியாசிரியர் ஒருவர் உடனிருந்து உதவினார். காய்ந்த செடியை வேர் நீக்கிப் பொடித்து, 200 மில்லிகிராம் வீதம் நாளைக்கு மூன்று வேளை, முப்பது நாள் கொடுத்திருக்கிறார்கள். மருந்துண்ட 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளப் பொருள் இரத்தத்திலிருந்து மறைந்தது. மருந்தற்ற வெற்றுப் பொடி உண்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்தது. என் கண் அந்த இரண்டாம் கூட்டத்தில் நிலைத்துவிட்டது. எங்கள் திண்ணையில் இல்லாதது அதுதான். மருந்து கொடுக்காதவர்கள் என்ன ஆனார்கள் என்று என் பாட்டனாரோ தகப்பனாரோ நானோ ஒரு நாளும் பார்த்ததில்லை.

இஃது ஐரோப்பியர் கண்ட புதுமை என்று எவரும் எண்ண வேண்டா. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னர் வாழ்ந்த ஹகீம் அபூபக்ர் அர்-ராஸி, மூளைச் சவ்வில் கண்ட காய்ச்சலுக்கு ஒரு கூட்டத்தாருக்குக் குருதி வாங்கியும் மற்றொரு கூட்டத்தாருக்கு வேண்டுமென்றே வாங்காமலும் வைத்து, இரண்டையும் ஒப்புநோக்கியதைத் தம் 'அல்-ஹாவி' நூலில் குறித்திருக்கின்றார். இப்னு ஸீனா தம் 'அல்-கானூன்' நூலில் மருந்தைச் சோதிப்பதற்கென்றே விதிகள் வகுத்தார். விலங்கின் மீது காட்டும் பலனை வைத்து மனிதனுக்கு அவ்வாறே என்று முடிவு கட்டலாகாது என்பதும் அவற்றுள் ஒன்று. ராஸியின் பெயரையும் இப்னு ஸீனாவின் பெயரையும் பெருமையோடு மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். பெயரைச் சொல்லிக் கொடுத்தேனேயன்றி அவர்கள் வழியைக் கைக்கொண்டேனில்லை.

சென்னை ஆய்வு அத்துடன் முடியவில்லை. அதே கேள்வியைத் தாய்லாந்தில் கேட்டார்கள். 1990இல் அங்கிருந்து வந்த விடை, பலனில்லை என்பது. வேறு நாடுகளிலும் சோதித்தார்கள். செடியின் இனம் வேறு, விளைந்த மண் வேறு, பக்குவம் வேறு என்று காரணங்கள் கூறப்பட்டன. அவற்றில் நியாயமும் இருக்கலாம். எனினும் 2011இல் இத்தகைய ஆய்வுகளையெல்லாம் திரட்டிச் சீர்தூக்கிய காக்ரேன் குழுவினர், வெற்று மருந்தைவிடக் கீழாநெல்லி இனம் இந்நோயில் மேலானது என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்றே முடித்தார்கள். தியாகராஜன் மீது என் மதிப்பு இதனால் குறையவில்லை. பாமரர் வைத்தியம் என்று ஒதுக்காமல் அதனைத் தராசில் வைத்தவர் அவர். தராசின் முள் பின்னர் வேறுபக்கம் சாய்ந்தது என்பது வேறு செய்தி. புளூம்பெர்க்கின் வழியில் வந்த மற்றொரு கனி இதனினும் பெரிது. அவரும் இர்விங் மில்மனும் காட்டிய முறையில் பிறந்த தடுப்பூசி 1981இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. தைவான் நாட்டில் 1984இல் சிசுக்களுக்கு அதைப் போடத் தொடங்கினார்கள். பதின்மூன்று ஆண்டு கழித்துப் பார்த்தபோது, ஆறு முதல் பதினான்கு வயதுக் குழந்தைகளுக்கு வரும் ஈரல் புற்றுநோய் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. நம் நாட்டில் 1997இல் ஹைதராபாத்தில் இவ்வூசி தயாராகி விலை இறங்கியது. 2011இல் நாடு முழுவதும் அரசுத் திட்டத்தில் சேர்ந்தது. 2018 ஜூலை 28ஆம் நாள், அந்தப் புளூம்பெர்க்கின் பிறந்தநாளன்று, இந்நோய்க்கான பரிசோதனையும் மாத்திரையும் இலவசமாக வழங்கும் தேசியத் திட்டமும் தொடங்கப்பட்டது. 2022ஆம் ஆண்டுக் கணக்கில் நம் நாட்டில் ஏறத்தாழ மூன்று கோடிப் பேர் இக்கிருமியைச் சுமந்திருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது.

நம் குடும்பங்களில் இதனைப் பேசத் தயங்குகின்றோம். எனவே நான் தயங்காமல் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். என் சிறுவயதில் சுன்னத்து வைக்க வரும் ஒஸ்தா ஒரே நாளில் ஒரே தெருவில் ஏழெட்டுச் சிறுவர்களுக்குச் செய்துவிட்டுப் போவார். கத்தி ஒன்றே. துணியில் துடைப்பதே சுத்தம். என் முறை நான்காவது என்று என் தாயார் சொல்லியிருக்கிறார். அவரைக் குறை கூறவில்லை. எவருக்கும் தெரியாத காலம் அது. இப்போது தெரியும். சவரக்கடைக் கத்திக்கும் காது குத்தும் ஊசிக்கும் இதுவே பொருந்தும். ஒரே தட்டில் உண்பதாலோ, முஸாஃபஹா செய்வதாலோ, கட்டித் தழுவுவதாலோ இது பரவுவதில்லை. மருமகனுக்கு இப்படியொரு நோய் என்று தெரிந்ததும் கந்தூரி விருந்தில் அவனுக்குத் தனித் தட்டு வைத்தவர்கள் இதனைப் படிப்பார்களாக.

மருமகன் இப்போது ஆரணியில் சரக்கு வண்டி ஓட்டுகிறான். ஆறு மாதத்திற்கொரு முறை வேலூர் சென்று ஸ்கேன் எடுத்து வருகிறான்; ஒரு மாத்திரை உண்கிறான். அவன் தங்கைக்கு நிக்காஹ் பேசியபோது, மறைத்துவிடலாம் என்றனர் உறவினர் சிலர். நான் மறுத்துவிட்டேன். மாப்பிள்ளை வீட்டாரிடம் நேரில் சென்று சொன்னேன். இரு வாரம் பதிலே இல்லை. பின்னர் மாப்பிள்ளைப் பையன் தானே வந்து, "ஊசி எங்கே போட்டுக்கொள்ள வேண்டும், ஹஜ்ரத்?" என்று கேட்டான். ஆறு மாதத்தில் மூன்று ஊசி. அதன் பிறகே நிக்காஹ்.

அவளுக்கு 2020இல் பெண் குழந்தை பிறந்தது. தாய்க்குக் கிருமி இருந்தால் பிறந்த இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் குழந்தைக்குத் தடுப்பூசியும், அதனோடு ஆயத்த எதிர்ப்புச் சத்து ஊசி ஒன்றும் போட வேண்டும். இரண்டாவது ஊசி எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. முன்கூட்டியே வாங்கிப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, பிரசவ அறை வாசலில் அதனை மடியில் வைத்துக்கொண்டு விடிய விடிய அமர்ந்திருந்தேன். குழந்தை அழுத ஓசை கேட்டுப் பாங்கு சொல்ல உள்ளே அழைத்தார்கள். பெட்டியைச் செவிலியரிடம் கொடுத்துவிட்டுப் பிறகுதான் குழந்தையின் காதருகே குனிந்தேன். ஓராண்டு முடிந்து இரத்தம் பார்த்தார்கள். கிருமி இல்லை.

தோட்டத்தில் கீழாநெல்லி இன்றும் மழைக்கு மழை முளைக்கிறது. சென்ற மாதம் ஒரு தறிக்காரர் தம் மகனைச் சைக்கிளில் வைத்து அழைத்து வந்து திண்ணையில் அமர்ந்திருந்தார். பையனின் கண்கள் மஞ்சளாக இருந்தன. அரசு மருத்துவமனைக்கு ஒரு சீட்டு எழுதி, இரத்தம் பார்த்து வந்த பின் என்னைப் பாருங்கள் என்றேன். "உங்க அத்தா அப்படியே அரைச்சுக் கொடுப்பாரே, பாய்" என்றார். ஆமாம் என்றேன். சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, முகம் சற்றுச் சுருங்கியவராய், பையனை ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். தெருக்கோடியில் அவர் மருத்துவமனைப் பக்கம் திரும்புகிறாரா, வேறு பக்கம் திரும்புகிறாரா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். மருத்துவமனைப் பக்கம்தான் திரும்பினார்.