இசைத்தட்டில் வாழும் வீணை

நுழையும்முன்
ஓவியம் சுவரில் நிலைக்கும். சிற்பம் கல்லில் நிலைக்கும். இசை பிறந்த கணமே காற்றில் கரைந்துவிடும். அவ்வொலியைத் தட்டில் பதித்துத் தலைமுறைகளுக்கு வழங்கியது ஒலிப்பதிவுக் கலை. பழைய இசைப்பதிவுகளைக் கேட்டு மகிழும் முறையையும் பிறர்க்குப் பரிந்துரைக்கும் முறையையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

கேளாத குரல்
மகா வைத்தியநாத ஐயர் (1844–1893) தம் இசையால் தமிழகத்தை வியப்பில் ஆழ்த்தியவர். உ.வே.சாமிநாதையர் அவருடைய வரலாற்றைத் தனி நூலாகவே எழுதியுள்ளார். அதனைப் படிப்போர்க்கு அவரது பெருமை விளங்கும். ஆனால், குரல் மட்டும் கேட்காது. அவர் மறைந்து ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1902ஆம் ஆண்டில்தான் கொல்கத்தாவில் கௌஹர் ஜான் என்னும் பாடகியின் குரல் இசைத்தட்டில் பதிவாயிற்று. காலம் சற்றே முந்தியிருந்தால் ஐயரின் குரலும் நமக்குக் கிடைத்திருக்கக்கூடும்.

மூன்று நிமிட இசை
அக்கால இசைத்தட்டுகள் அரக்குக் கலவையால் செய்யப்பட்டவை, கைதவறினால் நொறுங்குபவை. நிமிடத்திற்கு ஏறத்தாழ 78 முறை சுழலும் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று அல்லது நான்கு நிமிட இசையே அடங்கும். தொடக்கத்தில் ஒலிவாங்கி இல்லை. கலைஞர் பெரிய குழலொன்றின் வாயருகே நின்று உரக்கப் பாடவேண்டும். மென்மையான வீணை ஒலிக்கு அம்முறை பொருந்தவில்லை. 1925ஆம் ஆண்டில் மின்வழி ஒலிப்பதிவு முறை வந்தபின்னரே நுண்ணிய ஒலிகளும் தட்டில் தெளிவாகப் பதியலாயின.

அதன் பயனாகக் கிடைத்த செல்வமே வீணை தனம்மாளின் (1867–1938) இசைத்தட்டுகள். சென்னை ஜார்ஜ் டவுனில் இருந்த அவரது இல்லத்தில் வெள்ளிக்கிழமை மாலைதோறும் வீணை ஒலிக்கும். இசையறிந்த சிலர் மட்டுமே அங்கு அமர்ந்து அமைதியாகக் கேட்பர். அச்சிறிய கூடத்தின் இசை, அவர்தம் முதுமையில், 1932ஆம் ஆண்டில் தட்டில் பதிக்கப்பட்டது. அந்தக் கூடத்தின் கதவு அன்று உலகிற்கே திறந்தது எனலாம்.

கேட்கும் முறை
இப்பதிவை முதன்முறை கேட்பவர் சற்றே ஏமாற்றம் அடையலாம். முள் உரசும் இரைச்சலே முதலில் காதில் விழும். பொறுமையுடன் இருந்தால் செவி அவ்விரைச்சலைத் தானே விலக்கிவிடும். பின்னர் வீணை மட்டுமே கேட்கும். ஒரு முறை மீட்டிய தந்தியை இழுத்து அடுத்தடுத்த சுரங்களை எழுப்பும் நுட்பமும், ஒலி தேய்ந்து மறையும்வரை காத்திருக்கும் நிதானமும் அப்போது புலப்படும். அரங்கில் நெடுநேரம் விரியும் இராகம் சில நிமிடங்களில் தன் முழு உருவையும் காட்டுவதை உணரலாம். வேறு வேலை செய்துகொண்டே கேட்பவர்க்கு இவ்வின்பம் கிட்டாது. தொடர்ந்து, அவருடைய பேத்தியரான பிருந்தா, முக்தா சகோதரியரின் பாடல்களையும் கேட்டால், பாட்டியின் வீணையில் குழைந்த இசை பேத்தியரின் குரலில் தொடர்வதை அறியலாம்.

பரிந்துரைக்கும் முறை
நல்லிசையைக் கேட்டவர் அதனைப் பிறர்க்குச் சொல்லாமல் இருப்பதில்லை. அவ்வாறு சொல்வதற்கும் ஒரு முறை உண்டு. நூறு பதிவுகளின் பட்டியலைத் தருவது சுமையாகும். கேட்பவரின் பழக்கமறிந்து ஒன்றைத் தருவதே நன்று. “இது சிறந்தது” என்று புகழ்வதைவிட, “இந்த இடத்தில் தந்தியின் குழைவைக் கவனியுங்கள்” என்று சுட்டுவது பயன்தரும். ஒருவர்க்கு அது பிடிக்கவில்லையெனில் அவரைப் பழிக்காமல் வேறொன்றைத் தரவேண்டும். பரிந்துரைப்பவர் தம் புலமையைக் காட்டுவதற்காக அன்றி, தாம் பெற்ற மகிழ்ச்சியைப் பகிர்வதற்காகவே பேசுதல் வேண்டும்.

கேட்போர் கடமை
இன்று ஆயிரக்கணக்கான பதிவுகள் கைப்பேசியில் கிடைக்கின்றன. எனினும், கேட்பாரற்ற பதிவும் பதியப்படாத குரலும் ஒன்றே. மகா வைத்தியநாத ஐயரின் குரலைக் காலம் மறைத்தது. தனம்மாளின் வீணையை நம் கவனக்குறைவு மறைத்துவிடக் கூடாது. இசையைத் தட்டில் சேர்த்ததோடு பொறியின் பணி முடிந்தது. அதனை ஒரு செவியிலிருந்து மற்றொரு செவிக்குச் சேர்ப்பது கேட்போரின் பணியாகும்.