அனுப்பட்டுமா?

புனேயின் விஷ்ராந்த்வாடியில் மகள் குடியிருக்கும் சொசைட்டி கேட்டில் ஒரு வாட்ச்மேன். கொரியர், தண்ணீர் கேன், யார் வந்தாலும் இன்டர்காமில் கூப்பிட்டு, "சாப், பேஜ் தூம்?" என்பார். லோஹ்காவ் விமான நிலையத்து விமானம் ஏதாவது தலைக்குமேல் போகும். ஆள் பெயர் அதில் கரைந்துவிடும். எனக்குத் தெரிந்த இந்தி "பேஜ் தோ" மட்டும்தான். ஆகவே எல்லாரும் மேலே வந்துவிடுகிறார்கள்.

மகளின் கம்ப்யூட்டர் அத்தனை ஏமாளி இல்லை. சிலப்பதிகாரக் குறிப்புகளை அச்சிடலாமென்று பிரிண்டருக்கான செட்டப்பைத் தொட்டேன். திரை மங்கியது. இந்த நிரல் கணினியில் மாற்றம் செய்யலாமா என்று ஒரு பெட்டி. கீழே மகளின் பாஸ்வேர்டுக்குக் கட்டம். எனக்கு ஸ்டாண்டர்ட் அக்கவுண்ட்தான், அட்மின் அவள். ஒரு காலத்தில் பீரோ சாவி என்னிடம் இருந்தது.

திரை மங்குவது அழகுக்கு என்று நினைத்திருந்தேன். இல்லையாம். அப்போது பின்னால் தெரிவது வெறும் படம். பெட்டி தனியிடத்தில் நிற்கிறது. வேறெந்த நிரலும் அங்கே புகுந்து நமக்குப் பதிலாக 'ஆம்' என்று அழுத்த முடியாது. அட்மினே உட்கார்ந்தாலும் அன்றாட வேலைக்குச் சாதாரண உரிமைதான். ஆம் சொன்ன நிரலுக்கு மட்டும் முழு அதிகாரம். 2007-இல் விண்டோஸ் விஸ்டாவோடு இந்தப் பெட்டி வந்தபோது ஜனங்கள் திட்டித் தீர்த்தார்கள். மறுவருஷம் ஒரு மாநாட்டில் மைக்ரோசாப்ட்டின் டேவிட் கிராஸ், எரிச்சலூட்டத்தான் வைத்தோம் என்றே சொல்லிவிட்டார். ஜனங்கள் படும் எரிச்சல், எதற்கெடுத்தாலும் அட்மின் உரிமை கேட்கும் நிரல்களை எழுதுகிறவர்கள் தலையில் போய் விடியட்டும் என்ற கணக்கு. மனிதரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

மகள் வர ஏழு மணியாகும். புத்தகத்தையே பிரித்தேன்.

வழக்குரை காதையின் வாயில்காவலன் எவ்வளவு நல்ல காவலன்! வந்தவள் யாரென்று தெரியாது. ஆனாலும் கொற்றவை இல்லை, காளி இல்லை, சினத்தோடு நிற்கிறாள், கையில் ஒற்றைச் சிலம்பு, கணவனை இழந்தவள் என்று கண்டதையும் கேட்டதையும் சொல்லிவிடுகிறான். கம்ப்யூட்டராக இருந்தால் 'வெளியிட்டவர்: தெரியவில்லை' என்பதோடு முடித்திருக்கும்.

அது காலங்கடந்த எச்சரிக்கை. பாண்டியன் அதற்கு முன்பே, கொலைக்களக் காதையில், அவள் கணவனைக் கொல்ல ஆம் சொல்லிவிட்டான். ஆடல்மகளிரை அவன் ரசித்ததில் அரசிக்கு ஊடல். தலைவலி என்று எழுந்து போய்விட்டாள். சமாதானம் செய்யக் கிளம்பியவனின் காலில் பொற்கொல்லன் விழுந்தான். கள்வன் என் குடிலில் இருக்கிறான், மன்னா. ஒரு கேள்வி இல்லை. அரசியின் சிலம்பு அவன் கையில் இருந்தால் கொன்று எடுத்து வாருங்கள் என்று காவலருக்குச் சொல்லிவிட்டு உள்ளே போனான். அனுமதி கேட்டவனே திருடன் என்பது நமக்குத் தெரியும், பாண்டியனுக்குத் தெரியாது. பாவம், அவனுக்குத் திரையும் மங்கவில்லை. கோப்பெருந்தேவியின் கோபித்த முகம் முழு வெளிச்சத்தில் அல்லவா நின்றிருக்கும்!

ஏழரைக்கு மகள் வந்தாள். தோளில் பை, காதில் போன். மறுபடி செட்டப்பைத் தொட்டேன், திரை மங்கியது. குனிந்து பாஸ்வேர்டை ஒரே மூச்சில் அடித்தாள்.

"என்னன்னு படிச்சியாம்மா?"

"பிரிண்டர்தானேப்பா" என்று சொல்லிக்கொண்டே அறைக்குள் போய்விட்டாள்.

பாண்டியன் கதையைச் சொல்லலாமென்று எழுந்தேன். இன்டர்காம் அடித்தது. மேலே விமானம்.

"பேஜ் தோ" என்றேன்.