மறுப்பதற்காகப் படித்தவர்கள்

ஒரு காலத்தில் பாளையங்கோட்டையில் நாத்திகர் வீட்டு அலமாரியில் பைபிள் இருந்தால் யாரும் என்ன ஏது என்று கேட்கமாட்டார்கள். எங்கள் வீட்டில் இருந்தது. கறுப்பு அட்டை, சிவப்புக் கரை, தொட்டால் சரசரக்கும் மெல்லிய தாள். இடப்பக்கம் கம்பராமாயணம், வலப்பக்கம் பெரியார். மூன்றையும் அப்பா கையில் சிவப்புப் பென்சிலோடுதான் படிப்பார்.

அதை அவர் காசு கொடுத்து வாங்கவில்லை. மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தபோது வேதபாடப் பரீட்சையில் முதலாவதாக வந்ததற்குக் கிடைத்த பரிசு. பின்னாளில் கறுப்புச் சட்டை போட்டார், கோயிலுக்குப் போவதை விட்டார், பரிசுப் புத்தகத்தை மட்டும் விடவில்லை.

ஊரும் அப்படிப்பட்ட ஊர். புதிய ஏற்பாட்டைத் தமிழில் திருத்தி எழுதிய ரேனியஸ் 1820-இல் வந்து தங்கிய இடம். ஊசிக்கோபுரத்து மணிச்சத்தம் எல்லா வீட்டுக்கும் பொது. பஸ் ஸ்டாண்டில் மாற்கு, யோவான் என்று ஒவ்வொரு சுவிசேஷமும் தனித்தனிச் சிறு புத்தகமாகச் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். தபாலில் வேதபாடம் படித்துச் சான்றிதழ் வாங்கிய பையன்களில் நெற்றியில் திருநீறு பூசியவர்களும் உண்டு.

அப்பாவின் பென்சில் முதல் பக்கத்திலேயே வேலையை ஆரம்பித்துவிடும். முதல் நாளே வெளிச்சம் வந்துவிட்டது, சூரியன் வந்ததோ நாலாம் நாள். ஓரத்தில் ஒரு கேள்விக்குறி. மத்தேயு கணக்கில் யோசேப்பின் தகப்பன் யாக்கோபு, லூக்கா கணக்கில் ஏலி. இரண்டு கேள்விக்குறி. லேவியராகமம் முழுக்கச் சிவப்பு.

யோபுவின் புத்தகத்துக்கு வந்ததும் கேள்விக்குறிகள் நின்றுபோகும். வசனத்தின் ஓரமாக நெட்டுக்குத்தாய் ஒரு கோடு, அவ்வளவுதான். ஒரு பாவமும் அறியாதவனுக்கு ஏன் இத்தனை துன்பம் என்று அந்த மனிதன் கேட்கிறான். கடைசியில் கடவுள் பேசுகிறார், ஆனால் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் எதிர்க்கேள்விகளாக அடுக்குகிறார். கேட்ட கேள்வியை அழிக்காமல் வேதத்துக்குள்ளேயே விட்டுவைத்தார்களே, அந்த நேர்மை அப்பாவுக்குப் பிடித்திருந்தது. பிரசங்கியின் புத்தகத்திலும் அப்படிச் சில கோடுகள். உன்னதப்பாட்டை அகத்துறைப் பாடல்களோடு சேர்த்து வைத்துப் படிப்பார்.

பக்கத்து வீட்டில் மிஷன் பள்ளி வாத்தியார் ஒருவர் இருந்தார். சாயங்காலமானால் திண்ணையில் இரண்டு பேருக்கும் வழக்கு. எஸ்தரின் புத்தகத்தில் கடவுளின் பெயர் ஓரிடத்தில்கூட வராது என்பதைக் கண்டுபிடித்த அன்று அப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. வாத்தியார் அசரவில்லை. “பேரைச் சொல்லாமலே வேலை பாக்காரு அண்ணாச்சி” என்றார். அப்பா ஏதாவது ஒரு வசனத்தைத் தனியே பிடித்து இழுத்தால், “முன்னே பின்னே வாசிச்சிட்டுப் பேசுங்க” என்பார். அப்பாவும் மறுபேச்சில்லாமல் வாசிப்பார்.

“நீங்க படிச்ச அளவு எங்க சபையில ஒருத்தரும் படிக்கல அண்ணாச்சி” என்று ஒருநாள் வாத்தியார் சொன்னார்.

“நம்புதவன் படிக்காட்டாலும் உம்ம கர்த்தர் மன்னிச்சிருவாரு. நான் படிக்காமப் பேசுனா நீரு மன்னிப்பீரா?” என்றார் அப்பா.

பதிலுக்கு வாத்தியார் எங்கள் வீட்டு ‘விடுதலை’ பத்திரிகையை வாங்கிக்கொண்டு போய் ஒரு வரி விடாமல் படித்துவிட்டுத் திருப்பித் தருவார். அவரும் மாறவில்லை, இவரும் மாறவில்லை. மாற வேண்டும் என்று இருவரில் ஒருவர்கூட எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.

இந்தப் பழக்கம் எங்கள் திண்ணையில் பிறந்ததில்லை. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் வெஸ்லியன் மிஷன் பள்ளியில் படித்தவர், பெர்சிவல் பாதிரியாருக்குத் துணையாக இருந்து பைபிளைத் தமிழாக்கியவர். கடைசிவரை சைவர். அங்கே கற்றதைக் கொண்டே 1854-இல் ‘சைவதூஷணபரிகாரம்’ எழுதினார். சைவ வழிபாட்டைப் பழிக்கிறீர்களே, உங்கள் பழைய ஏற்பாட்டுக் கோயிலில் விளக்கும் தூபமும் பலியும் இல்லையா என்று பாதிரிமாரிடம் அவர்கள் நூலை விரித்தே கேட்டார். படிக்காதவரால் அப்படிக் கேட்டிருக்க முடியாது. காந்தி 1926-இல் குஜராத் வித்யாபீட மாணவர்களோடு புதிய ஏற்பாட்டைப் படித்தபோது எதிர்ப்புக் கிளம்பியது. அவர் படிப்பதை நிறுத்தவில்லை, கிறிஸ்தவராகவும் இல்லை.

இன்று அப்பாவும் இல்லை, வாத்தியாரும் இல்லை. திண்ணை இருந்த இடத்தில் இப்போது கார் நிற்கிறது. பைபிள் என்னோடு நகரத்துக்கு வந்துவிட்டது. எனக்கும் நம்பிக்கை கிடையாது, ஆனாலும் அவ்வப்போது எடுத்துப் படிக்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்களில் சிலர் அதைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தி, “என்ன சார், மாறிட்டீங்களா?” என்கிறார்கள். இன்னும் சிலர் முகம் மலர்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு ஜெபிக்கவே ஆரம்பித்துவிடுகிறார்கள். இந்த ஆள் சும்மா படிக்கிறவன் என்று மட்டும் ஒருவருக்கும் தோன்றுவதில்லை.

இன்று முழு வேதாகமமும் கைப்பேசிக்குள் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் வந்து சேர்வதோ ஒற்றை வசனம். வாழ்த்தவும் அதுதான், வையவும் அதுதான். “முன்னே பின்னே வாசிங்க” என்று சொல்ல வாத்தியார் இல்லை, சொன்னால் வாசிக்க அண்ணாச்சியும் இல்லை. நான் ஏங்குவது புத்தகத்துக்காக இல்லை, அது என் கையில் இருக்கிறது. நம்பாத ஒருவனோடு தன் வேதத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்த அந்த விசுவாசிக்காகவும், மதியாமல் ஒதுக்கிவிடாமல் மறுப்பதற்காகவாவது முழுக்கப் படித்த அந்த நாத்திகருக்காகவும்தான்.

நீங்கள் நம்பாத ஒரு வேதம் உங்கள் அலமாரியிலும் இருக்கட்டும். பைபிளோ, குர்ஆனோ, கீதையோ, எதுவானாலும் சரி. பென்சிலோடு படியுங்கள். கேள்விக்குறி போடுங்கள். போடுவதற்கு முன் ஒரு பக்கம் முன்னேயும் ஒரு பக்கம் பின்னேயும் வாசித்துவிடுங்கள்.